கஞ்சாக் கடையில் வேலைக்குச் சேர்பவர் என்ன படிக்க வேண்டியிருக்கிறது?

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நடந்து போனால், இடியப்பம் விற்கும் கடை, நகைக்கடை, பல் வைத்தியர், வரிக்கணக்குப் பார்ப்பவர் என்று வரிசையாக வரும் பலகைகளுக்கு நடுவில் ஒரு கஞ்சாக் கடையும் இருக்கும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மா அப்பாக்கள் அந்தப் பலகையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். "இதைப் போலீஸ் பிடிக்காதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

பிடிக்காது. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டப்படி சரி. வெளியே போகும்போது கையில் 30 கிராம் வரை காய்ந்த கஞ்சா வைத்துக்கொள்ளலாம். வாங்கும் வயது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஆல்பர்ட்டாவில் 18, ஒன்டாரியோவில் 19, கியூபெக்கில் 21. ஒன்டாரியோவில் முதலில் அரசின் இணையக் கடை மட்டும்தான் விற்றது. தனியார் கடைகள் 2019 ஏப்ரல் 1 அன்று திறந்தன. முதல் சுற்றில் குலுக்கல் முறையில் 25 பேருக்கு மட்டுமே வாய்ப்புக் கிடைத்தது. பிறகு குலுக்கலைக் கைவிட்டார்கள், இப்போது ஆயிரத்துக்கும் மேலான கடைகள் இருக்கின்றன.

பகுதி நேர வேலை தேடும் நம் பிள்ளைகளும் இந்தக் கடைகளுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். காபிக் கடை வேலை மாதிரி இதுவும் ஒரு கவுன்டர் வேலை என்று நினைத்துத்தான் போகிறார்கள். ஆனால் இந்த வேலையில் முதல் நாள் கவுன்டரில் நிற்பதற்கு முன்பே ஒரு பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். அது எதற்கு, அதில் என்ன இருக்கிறது, வாடிக்கையாளர் எப்படி நடந்துகொள்வதால் அது தேவைப்படுகிறது என்பதை ஒன்டாரியோவை வைத்தே பார்ப்போம்.

முதலில் பெயர். கஞ்சாச் செடியின் பூமொட்டை ஆங்கிலத்தில் 'பட்' என்பார்கள். மதுக்கடையில் ஊற்றிக் கொடுப்பவர் பார்டெண்டர் என்றால் இங்கே எடுத்துக் கொடுப்பவர் 'பட்டெண்டர்'. வேலைக்கான விளம்பரங்களிலும் இந்தப் பெயர்தான் இருக்கும். ஒன்டாரியோவில் இந்தக் கடைகளைக் கண்காணிப்பது மது, சூதாட்டம் ஆகியவற்றையும் கவனிக்கும் ஆணையம். அது ஏற்றுக்கொண்ட பயிற்சிக்கு 'கேன்செல்' என்று பெயர். லிஃப்ட் அண்ட் கோ என்ற நிறுவனமும் மேட் கனடா அமைப்பும் சேர்ந்து அதை உருவாக்கின. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை எதிர்த்துத் தாய்மார்கள் தொடங்கிய இயக்கத்தின் கனடாப் பிரிவுதான் மேட். விற்பனைப் பயிற்சியை எழுதும் இடத்தில் அப்படி ஓர் இயக்கத்தையும் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மற்ற மாகாணங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆல்பர்ட்டாவில் 'செல்சேஃப்', பிரிட்டிஷ் கொலம்பியாவில் 'செல்லிங் இட் ரைட்'.

சரி, ஒரு பொருளை எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்க இத்தனை ஏற்பாடு எதற்கு?

பெட்டி பேசாத கடை

சோப்பு வாங்கப் போகிறோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பெட்டி பேசும், தொலைக்காட்சி விளம்பரம் ஏற்கெனவே பேசியிருக்கும், நடிகை சிரித்துக்கொண்டு நிற்பார். கனடாவின் கஞ்சாச் சட்டம் இந்த எல்லா வாய்களையும் அடைத்துவிட்டது. நடிகரோ விளையாட்டு வீரரோ பரிந்துரைக்கக் கூடாது. மனிதர், விலங்கு, கார்ட்டூன் எதன் படத்தையும் காட்டி விற்கக் கூடாது. இளைஞர்களைக் கவரும்படி எதுவும் இருக்கக் கூடாது. 'இதை வாங்கினால் வாழ்க்கை கொண்டாட்டமாகும்' என்ற தொனிகூட ஆகாது. பொட்டலம் வெறும் ஒரே நிறத்தில் இருக்கும். அதன்மேல் கஞ்சா இலை போட்ட ஒரு சிவப்பு முத்திரை, மஞ்சள் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை, சில எண்கள். குழந்தைகளால் திறக்க முடியாத மூடி. கடையில் வைத்துப் பிரித்துப் பார்க்கவும் முடியாது.

இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் இதனால் ஒரு விளைவு வருகிறது. பெட்டியும் விளம்பரமும் பேசாமல் போனதும், வாங்க வந்தவர் காதில் விழும் ஒரே குரல் கவுன்டரில் நிற்கும் அந்த 20 வயதுப் பிள்ளையின் குரல்தான். முதல்முறை வருபவருக்கு அந்தப் பிள்ளை சொல்வதுதான் விளம்பரம், குறிப்புச்சீட்டு எல்லாம். அப்படிப்பட்ட ஒருவர் தெரியாமல் ஒரு வார்த்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்திருக்கிறது.

கொலராடோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் 400 கஞ்சாக் கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். "நான் எட்டு வாரக் கர்ப்பிணி, குமட்டலாக இருக்கிறது, என்ன எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி 69 சதவீதக் கடைகளில் ஏதோ ஒரு கஞ்சாப் பொருளைப் பரிந்துரைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சொந்த அபிப்பிராயத்தை வைத்துச் சொன்னவை. மருத்துவரைக் கேளுங்கள் என்று, தூண்டிக் கேட்காமல் தாங்களாகவே சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. கர்ப்பக் காலத்தில் கஞ்சா வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. தொலைபேசியை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எதிரில் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் ஏதாவது சொல்லி உதவத் தோன்றும். நம் வீடுகளிலும் இருமல் என்றால் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லத்தான் செய்கிறோம். அந்த நல்ல மனதைக் கவுன்டருக்குப் பின்னால் கட்டுப்படுத்திக்கொள்வதுதான் பட்டெண்டர் படிக்க வேண்டிய முதல் பாடம்.

வருபவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

கஞ்சாக் கடையில் அதிகம் கேட்கும் கேள்வி, "இருப்பதிலேயே ஸ்ட்ராங்கானது எது?" என்பது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். சிபிடி என்று இன்னொன்று உண்டு, அது போதை தராது. பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் டிஎச்சி என்று போட்டிருக்கும். 200 என்றிருந்தால் 20 சதவீதம் என்று பொருள். அதோடு பழைய பொட்டலங்களில் இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்து எல்லோரும் குழம்புவார்கள். 'டிஎச்சி' என்று ஒரு சின்ன எண், 'மொத்த டிஎச்சி' என்று ஒரு பெரிய எண். செடியில் இந்தப் பொருள் பெரும்பாலும் ஓர் அமில வடிவில்தான் இருக்கிறது. சூடுபட்ட பிறகே அது போதை தரும் டிஎச்சியாக மாறும். அதனால் சின்ன எண் இப்போது இருப்பது, பெரிய எண் சூடாக்கினால் வரக்கூடியது. புகைக்கும் பூவுக்குப் பார்க்க வேண்டியது பெரிய எண்ணை. மூன்றரை கிராம் பொட்டலத்தை, அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு என்பதால், கடையில் 'எய்த்' என்பார்கள். 20 சதவீதம் என்றால் அந்த எய்த்தில் 700 மில்லிகிராம் டிஎச்சி இருக்கிறது. இந்தப் பெருக்கலைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கவுன்டரில் நிற்கக் கூடாது.

இந்த எண்ணை டாலரால் வகுத்துப் பார்த்து, "எதில் காசுக்கு அதிகம் கிடைக்கும்" என்று வாங்குபவர்கள் ஏராளம். நம் ஊரில் மைலேஜ் கேட்டு பைக் வாங்குவது மாதிரிதான். ஆனால் பைக்குக்குப் பொருந்துகிற கணக்கு இதற்குப் பொருந்துவதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 121 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, எல்லோருமே வழக்கமாகப் பயன்படுத்துபவர்கள். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி கஞ்சாவை வளாகத்துக்குள் கொண்டுவர முடியாது என்பதால், ஆய்வாளர்கள் ஒரு வேனையே ஆய்வகமாக்கி ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பூ பயன்படுத்தியவர்களில் சிலருக்கு 16 சதவீதம், சிலருக்கு 24 சதவீதம். செறிவாக்கிய சாறு பயன்படுத்தியவர்களில் சிலருக்கு 70, சிலருக்கு 90. சாறு எடுத்தவர்களின் ரத்தத்தில் டிஎச்சி மிக அதிகமாக இருந்தது. ஆனால் எவ்வளவு போதையாக உணர்ந்தார்கள் என்று கேட்டால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். 2020-ல் வெளிவந்த இந்த முடிவு பழகியவர்களுக்கானது. புதியவருக்குப் பெரிய எண் ஆபத்தானது. ஆக இரு பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிய எண்ணைத் துரத்துவதில் பயனில்லை.

இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, எப்படிப் பேசுவது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "ஸ்ட்ராங்கானது எது" என்று கேட்பவரிடம் "அது தவறு" என்று பாடம் நடத்தினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பழகிய பட்டெண்டர் பதில் சொல்வதற்கு முன் திரும்பக் கேட்பார்: "போன தடவை என்ன எடுத்தீர்கள்? எப்படி இருந்தது?" இந்த இரண்டு கேள்விகளிலேயே எதிரில் நிற்பவர் பழையவரா, இதுவரை ஒருமுறைகூடத் தொடாதவரா என்பது தெரிந்துவிடும். முதல்முறை வருபவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கூச்சம். நண்பர் சொல்லிக்கொடுத்த வார்த்தையை அப்படியே ஒப்பிப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்விகள்.

இன்னொரு வழக்கமான கேள்வி, "இண்டிகாவா, சட்டிவாவா?" கஞ்சாவில் இவை இரண்டு வகை, ஒன்று தூக்கம் தரும், மற்றது சுறுசுறுப்புத் தரும் என்று பரவலாக நம்புகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் வைத்த பெயர்கள் இவை. இந்தியாவிலிருந்து வந்த செடி என்பதால்தான் இண்டிகா. ஆனால் இன்று பொட்டலத்தில் ஒட்டும் இந்தப் பெயருக்கும் உள்ளே இருக்கும் செடிக்கும் உறவு ரொம்ப மெல்லியது. ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 300 மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2021-ல் எழுதினார்கள்: இந்த இரண்டு பெயர்களும் மரபணு அளவில் தனித்தனிக் குடும்பங்களைக் காட்டவில்லை, வாசனை தரும் சில பொருள்களில் மட்டுமே வேறுபாடு தெரிகிறது. ஆகவே "இது இண்டிகா, படுத்தவுடன் தூங்கிவிடுவீர்கள்" என்று உறுதி சொல்வது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது.

அப்புறம், "நீங்கள் எதை எடுப்பீர்கள்?" என்ற கேள்வி. ஓட்டலில் சர்வரிடம் "இன்னிக்கு என்ன நல்லா இருக்கு?" என்று கேட்பதைப் போல இயல்பாக வரும். சர்வர் சொல்லலாம். பட்டெண்டர் தன் அனுபவத்தைச் சொன்னால் சிக்கல், ஏனென்றால் தினமும் எடுக்கும் ஒருவருக்குச் சாதாரணமான அளவு புதியவரைப் படுக்கையில் தள்ளிவிடும். இதோடு தயாரிப்பு நிறுவனங்களின் ஆட்களும் கடைக்கு வந்து தங்கள் பொருளைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள். பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு ஒரு பொருளைத் தூக்கிப் பிடிப்பதை ஒன்டாரியோ ஆணையத்தின் விதிகள் தடுக்கின்றன. அப்படியும் யாரிடமிருந்து கற்றோமோ அவர் பக்கம் நாக்கு சாயத்தான் செய்யும். அதனால் வேலைக்குச் சேர்பவர் நிறுவன ஆட்களின் வகுப்பை மட்டும் நம்பாமல் கனடா சுகாதாரத் துறை எழுதியிருப்பதையும் சேர்த்துப் படித்துவிட வேண்டும்.

மிட்டாய்க்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை?

உண்ணும் வகைகள், அதாவது கம்மி மிட்டாய், சாக்லேட், பானம் எல்லாம் கனடாவில் ஓராண்டு தள்ளித்தான் சட்டத்துக்குள் வந்தன. கடைக்கு வந்தது 2019 டிசம்பரில். ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி மேல் இருக்கக் கூடாது. புகைத்தால் நொடிகளிலோ நிமிடங்களிலோ தெரியத் தொடங்கும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கும். முழு வேகத்துக்கு வர நான்கு மணி நேரம்கூட ஆகலாம், 12 மணி நேரம் வரை நீடிக்கலாம். இந்த இடைவெளிதான் ஆபத்து. ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடுவார்கள். முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து வரும்.

2014 மார்ச்சில், கொலராடோவில் விற்பனை தொடங்கிய சில வாரங்களிலேயே, இது ஓர் உயிரைக் குடித்தது. 23 வயது நண்பர் வாங்கிய ஒரு பிஸ்கட்டை 19 வயது மாணவர் தின்றார். அதில் 65 மில்லிகிராம் டிஎச்சி இருந்தது. ஆறு துண்டாக்கி ஒரு துண்டு மட்டும் எடுங்கள் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அவரும் முதலில் ஒரு துண்டுதான் தின்றார். அரை மணி, ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லை. மீதியைத் தின்றார். இரண்டரை மணி நேரம் கழித்து நான்காவது மாடியிலிருந்து குதித்து இறந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தச் சம்பவத்தைத் தனி அறிக்கையாகவே எழுதியது. 2015 பிப்ரவரி முதல் ஒவ்வொரு 10 மில்லிகிராம் பகுதியையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கொலராடோ விதி கொண்டுவந்தது.

இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் என் மனம் அந்தக் கடைக்காரரிடம்தான் போய் நிற்கிறது. அவர் அளவைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கியவர் ஒருவர், அதிகமாகத் தின்றவர் வேறொருவர். 'எவ்வளவு' என்பது ஒரு துண்டு வரை போய்ச் சேர்ந்தது, 'எவ்வளவு நேரம்' என்பது அந்த அறையில் யார் மனதிலும் நிற்கவில்லை. அதனால்தான் நல்ல பயிற்சியில் இரண்டையும் சேர்த்தே சொல்ல வைப்பார்கள். புதியவர் என்றால் 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதே கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. 10 மில்லிகிராம் மிட்டாய் ஒன்று வாங்கினால் அதில் கால் பங்குதான் வருகிறது. "நாலாக வெட்டுங்கள், ஒன்றை எடுங்கள், மீதியை நாளை பார்க்கலாம்" என்று சொன்னால் அந்த 'நாளை' என்ற வார்த்தை மனதில் நிற்கும். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்ற எண்கள் நிற்பதில்லை.

வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பதும் இங்கேதான் பேச வேண்டியது. ஒன்டாரியோவில் 2016 முதல் 2021 தொடக்கம் வரையிலான கணக்கைப் பார்த்த ஆய்வில், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் கஞ்சாவைத் தெரியாமல் தின்று அவசரப் பிரிவுக்கு வந்தது 522 முறை. மிட்டாய் வகைகள் விற்கத் தொடங்கிய பிறகு, மாதச் சராசரி சட்டத்துக்கு முந்தைய காலத்தைவிட 9 மடங்கு. மிட்டாய் என்றால் குழந்தைக்கு மிட்டாய்தான், முத்திரையெல்லாம் அதற்குத் தெரியாது. பில் போடும்போது "பூட்டி வையுங்கள்" என்று சொல்ல மூன்று நொடி போதும்.

'இல்லை' என்று சொல்வது

பயிற்சியில் முக்கியமான ஒரு பகுதி மறுப்பதைப் பற்றித்தான். 19 வயதாகாதவர் ஒன்டாரியோக் கடைக்குள் நுழையவே கூடாது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் வர முடியாது. பார்க்க 25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். சட்ட வயது 19, கேட்கும் வயது 25, ஏன் இந்த ஆறு வருட வித்தியாசம்? முகத்தைப் பார்த்து வயது சொல்வதில் நாம் எல்லோருமே தவறுகிறோம், அந்தத் தவறுக்காக விட்ட இடைவெளி அது. அட்டை கேட்டால் கோபப்படுபவர்கள் உண்டு. "என்னைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரியா இருக்கு?" என்பார்கள். "எல்லோரிடமும் கேட்க வேண்டியது அண்ணா, என் வேலை போய்விடும்" என்று தணிவாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

ஏற்கெனவே போதையில் இருப்பது போல் தெரிபவருக்கும் விற்கக் கூடாது. இதுதான் கஷ்டமானது. மாலை நேரம், வரிசை நீளம், அவர் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தனியாக முடிவெடுக்கவிடாமல் மேலாளரைக் கூப்பிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிட வேண்டும். ஊருக்குப் பரிசாகக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களும் வருவார்கள். கனடா எல்லையைத் தாண்டிக் கஞ்சாவைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் குற்றம், எவ்வளவு குறைவாக இருந்தாலும், போகும் நாட்டில் சட்டம் எப்படி இருந்தாலும். இதை முகத்துக்கு நேரே தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் அவருக்குச் செய்யும் உதவி.

மருந்து பற்றிய கேள்விக்கும் 'இல்லை'தான் பதில். கனடாவில் மருத்துவக் கஞ்சாவுக்குத் தனி வழி இருக்கிறது. மருத்துவரின் ஆவணத்தோடு உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பதிவுசெய்து வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். தெருவில் இருக்கும் கடை அந்த வழியில் வராது. இப்படி ஒரு மாலையை வைத்துக்கொள்வோம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கையில் காய்கறிப் பையோடு தயங்கித் தயங்கி உள்ளே வருகிறார். கவுன்டரில் தமிழ்ப் பிள்ளை இருப்பதைப் பார்த்ததும் முகம் தெளிகிறது.

"தம்பி, எனக்கு இரவில நித்திரையே வருதில்ல. இதில ஏதும் நல்லது இருக்கெண்டு சொல்லிச்சினம்."

"அன்ரி, நித்திரைக்கு மருந்து எண்டு சொல்லி நான் ஒண்டும் தர ஏலாது. நீங்கள் வேற குளிசை ஏதும் எடுக்கிறீங்களோ?"

"பிரஷருக்கு ஒண்டு. ரத்தம் உறையாமல் இருக்க ஒண்டு."

"அப்ப முதல்ல பார்மசியில கேளுங்கோ. சில குளிசையோட இது ஒத்துப்போகாது, குறிப்பா ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கிறது. கேட்டுப்போட்டு வாங்கோ, நான் எட்டு மணி மட்டும் நிப்பன்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். அந்தப் பிள்ளை ஐந்து நிமிடம் செலவழித்திருக்கிறார், கல்லாவில் ஒன்றும் விழவில்லை. பல கடைகளில் பணியாளரை அளப்பது ஒரு பில்லுக்குச் சராசரி எத்தனை டாலர் என்ற எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணில் இந்த ஐந்து நிமிடம் அவருக்கு நஷ்டமாகவே தெரியும். வேலை முடியும் நேரத்தில் மேலாளர் இன்னொன்றையும் கேட்கலாம்: இன்று யாரை வெறுங்கையோடு அனுப்பினாய், ஏன்? ஒரு நோட்டில் தேதி போட்டு அதை எழுதிவைத்தால், அடுத்த மாதம் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அந்த நோட்டையே முதலில் படிக்கக் கொடுக்கலாம்.